சனிக்கிழமை இசை விழாவுக்குப் போகிற மகனுக்கு

என் அன்பு மகனுக்கு,

செவ்வாய்க்கிழமை உனக்கு வலிப்பு வந்த நேரத்தில் நான் மீன்காரரோடு சிரித்துக்கொண்டு நின்றேன். இதை முதலில் எழுதிவிட வேண்டும். இதை எழுதாமல் மற்றதை எழுத எனக்குக் கை ஓடவில்லை. அந்தோனியார் நவநாள் முடிந்து வந்து, தலையில் போட்டிருந்த முக்காட்டைக்கூட எடுக்காமல் கேட்டடியில் நின்றேன். மோட்டர் சைக்கிள் மீன்காரர் ஒரு கும்பளா மீனைத் தூக்கிக் காட்டி, "காலையிலதான் கடலை விட்டு வந்துச்சும்மா" என்றார். "எந்த மாசத்துக் காலையில?" என்று கேட்டேன். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். மீனை வாங்கிக்கொண்டு உள்ளே வந்து சட்டியில் போடுகிறேன், போன் அடிக்கிறது. மருமகள். "மாமி, பயப்படாதீங்க. அவருக்கு வந்துச்சு, போயிருச்சு. இப்ப தூங்குறார்" என்றாள். எப்போது வந்தது என்று கேட்டேன். அவள் சொன்ன நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால், அது நான் சிரித்த நேரம். அந்த மீனை எப்படி ஆய்ந்தேன், எப்படிச் சமைத்தேன் என்று எனக்கு இன்றுவரை ஞாபகம் இல்லை. அப்பா மட்டும் நல்லா இருந்ததாகச் சொல்கிறார்.

உனக்கு வலிப்பு வருவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும் என்று நான் இத்தனை வருடமும் நம்பிக்கொண்டிருந்தேன். நீ கூடத்தில் இருப்பாய், நான் அடுப்படியில் இருப்பேன். திடீரென்று வயிற்றுக்குள் என்னவோ புரளும். அகப்பையைப் போட்டுவிட்டு ஓடி வருவேன். பத்துத் தடவை ஓடி வந்தால் ஒன்பது தடவை நீ சும்மா உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பாய், "என்னம்மா?" என்பாய். அந்த ஒன்பதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. வீட்டுச் செலவில் ஐந்து ரூபாய் இடித்தால் விளக்கு வைத்துக்கொண்டு தேடுகிறவள் நான். இந்தக் கணக்கை மட்டும் ஒருநாளும் சரிபார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை வயிறும் புரளவில்லை, கையும் நடுங்கவில்லை. நீ நாவுலயில் வீட்டுத் தரையில் கிடந்தாய், நான் மாத்தளையில் மீனுக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அன்றைக்கு நவநாளில் உன் பெயரைச் சொல்ல மறந்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வெளிநாட்டு வேலை சரிவர வேண்டிக்கொள்ளச் சொல்லி அவளுடைய அம்மா என் கையைப் பிடித்துக் கேட்டாள். அந்த யோசனையிலேயே மன்றாட்டு முடிந்துவிட்டது. போன் வந்ததும் எனக்கு முதலில் நினைவு வந்தது அதுதான். மறந்தேன், அதனால் வந்தது. அன்று முழுக்க அந்தோனியார் படத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. மறுநாள் காலையில் ஜெபமாலை சொல்லும்போதுதான் ஓரளவு தெளிந்தது. நான் பெயர் சொன்ன நாட்களிலும் உனக்கு வந்திருக்கிறது. அப்படியானால் ஆண்டவர் வாசலில் உட்கார்ந்து பெயர் கூப்பிடுகிற கங்காணி இல்லை. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் வேதாகமமும், சாமான் சுற்றி வந்த பேப்பரும்தான். எனக்கு இவ்வளவுதான் யோசிக்க முடிந்தது.

இதை எல்லோரும் வாசிக்கிற மாதிரி எழுதட்டுமா என்று புதன்கிழமை உன்னிடம் கேட்டேன். "எழுதுங்கம்மா, பேரை மட்டும் போடாதீங்க. நம்ம பேரைப் போட்டா சித்தப்பா நாலு தெருவுக்கும் போட்டோக் கொப்பி அடிச்சுக் குடுப்பார்" என்றாய். அதனால் உன் பெயரும் இல்லை, மருமகள் பெயரும் இல்லை. இதே பயத்தோடு எங்கேயோ ஒரு அடுப்படியில் நிற்கிற அம்மாவுக்கு இது போய்ச் சேர்ந்தால் போதும்.

முதல்முதல் வந்தபோது உனக்கு ஏழு வயது. நாம் அப்போது தோட்டத்து லயத்தில் இருந்தோம். நத்தார் ராத்திரி. நடுச்சாமப் பூசை முடிந்து, விடிய விடிய வீடு வீடாகப் பாட்டுப் பாடுகிற கூட்டத்தோடு நீயும் சுற்றினாய். விடிகிற நேரம் சின்னக் கோயிலில் பாலன் குடிலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாய். குடிலைச் சுற்றி சிவப்பும் பச்சையுமாகக் குட்டி பல்புகள் அணைந்து அணைந்து எரிந்தன. நீ அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். உன் இடது கைப் பெருவிரல் துடித்தது. விளையாடுகிறாய் என்று நினைத்தேன். பிறகு நீ சரிந்தாய். யாரோ "இரும்பு, இரும்பு" என்று கத்தினார்கள். அப்பா நம் லயத்து அறையின், அந்தக் காம்பராக் கதவின் சாவியை உன் கைக்குள் வைத்து அழுத்தினார். கொஞ்சத்தில் நின்றது. அன்று முதல் எனக்கு இரண்டு விஷயம் முடிவாகிவிட்டது. அணைந்து எரிகிற லைட்தான் உனக்கு ஆகாது, அந்தச் சாவிதான் உன்னைக் காப்பாற்றும்.

அதற்குப் பிறகு நம் வீட்டு நத்தார் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும். ஊரெல்லாம் நட்சத்திரம் மின்னும், நம் குடிலில் ஒரு மஞ்சள் பல்பு அசையாமல் எரியும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் "உங்க வீட்டுல மாதா பிரசவத்துக்கு ஆசுபத்திரி லைட்டா போட்டிருக்கீங்க?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். நீயும் சேர்ந்து சிரிப்பாய். ஆனால் அந்த மஞ்சள் பல்பை மாட்டின அதே நான், உனக்காக வைத்த நேர்ச்சை என்று சொல்லி, வருடா வருடம் உன்னை நடுச்சாமப் பூசைக்கும் பெரிய வியாழன் ராத்திரி ஆராதனைக்கும் தூங்கவிடாமல் கூட்டிப் போனேன். நீ கண்ணை மூடினால் தொடையில் தட்டி எழுப்புவேன். அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ உனக்கு வரும். "வேண்டுதல் பத்தலை" என்று அடுத்த வருடம் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டுவேன்.

கண்டி ஆசுபத்திரியில் டொக்டர் உன் தலையில் வயரெல்லாம் ஒட்டி, கண்ணுக்கு நேரே லைட் அடித்தே பார்த்தார். "வேற சில பிள்ளைகளுக்கு வெளிச்சத்தால வரும்மா, இவருக்கு அப்படி ஒண்ணும் காட்டலை. மாத்திரையும் தூக்கமும் தவறாம இருந்தாப் போதும்" என்றார். தலையாட்டிக்கொண்டு வந்தேன். குடிலின் பல்பை மாற்றவில்லை. சாவியும் என் கைப்பையை விட்டுப் போகவில்லை. அந்தக் காம்பரா இடிந்து, அந்தக் கதவை விறகாக எரித்தும் விட்டார்கள். அந்தச் சாவிக்குத் திறக்க உலகத்தில் ஒன்றும் இல்லை. அப்படியும் உன் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, உன் முதல் வேலை நாள் எல்லாவற்றுக்கும் அது வந்தது.

அதனால்தான் நீ ஒருநாள், நாலந்தாவுக்கு அப்பால் குளத்தோரப் புல்வெளியில் நடக்கிற இசை விழாவுக்குத் தொண்டனாகப் போகிறேன், மேடைக்கு வயர் இழுக்கிற வேலை என்று சொன்னபோது எனக்கு உயிரே போய்விட்டது. ஒரு ராத்திரி, ஒரு பகல், அத்தனை ஆயிரம் சனம், அத்தனை லைட். வேண்டாம் என்று சொன்னால் கேட்கிற வயதா உனக்கு? "அங்க அடுப்படிக்கு ஆள் எடுக்கிறாங்களா?" என்று கேட்டேன். நீ தலையில் கை வைத்தாய். ஆனாலும் என் பெயரையும் கொடுத்தாய்.

சேலைக்கு மேல் தொண்டர்களுக்குக் கொடுத்த மஞ்சள் டீசேர்ட்டைப் போட்டுக்கொண்டு நான் நின்ற கோலத்தை நீ போட்டோ எடுத்து வைத்திருக்கிறாய், அழிக்கச் சொன்னாலும் அழிக்க மாட்டாய். தண்ணீர் கொடுக்கிற கூடாரத்தில் போட்டார்கள். சிங்களப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் வரிசையாக வந்து, "அம்மே, வத்துர" என்று கோப்பையை நீட்டினார்கள். ஊற்றி ஊற்றிக் கொடுத்தேன். என் கண் மட்டும் மேடையில். அங்கே லைட் வெட்டி வெட்டி அடிக்கும்போதெல்லாம் நான் நிறுத்தாமல் ஊற்றுவேன். தண்ணீர் கோப்பை நிறைந்து கீழே வழியும். ஒரு பையன், "அம்மே, கோப்பை போதும், குளத்தை இங்க கொண்டுவர வேணாம்" என்றான். உனக்கு ஒன்றும் ஆகவில்லை. நீ லைட்டுக்கு அடியிலேயே நின்று வயரைச் சுருட்டிக்கொண்டும் இழுத்துக்கொண்டும், சந்தோஷமாக, நான் ஒருநாளும் பார்க்காத ஒரு பிள்ளையாக இருந்தாய். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கவும் எனக்குப் பயமாக இருந்தது.

வந்தது விடிந்த பிறகு. எல்லா லைட்டையும் அணைத்து, பாட்டு நின்று, வெயில் நன்றாக ஏறிவிட்டது. தொண்டர்கள் வரிசையாக நின்று வெறும் போத்தல்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தீர்கள். நான் நிம்மதியாகி, கால் நீட்டி உட்கார்ந்து பிளேன்டீயை வாயில் வைத்தேன். நீ சாக்கைப் போட்டுவிட்டுச் சரிந்ததைத் தூரத்தில் இருந்து பார்த்தேன். ஓடினேன். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டே ஓடினேன். எனக்கு முன்னாலேயே ஒரு லொறிக்காரர் "யத்துறு, யத்துறு" என்று தன் லொறிச் சாவியை நீட்டிக்கொண்டு நின்றார். சிங்களவர்களுக்கும் இதே வைத்தியம்தான் போல. அந்தக் கூட்டத்துக்குள் முதலுதவிக் கூடாரத்திலிருந்து ஒரு மெலிந்த பிள்ளை புகுந்தாள். உன்னை ஒருபக்கமாகத் திருப்பினாள், கழுத்துப் பட்டனைக் கழற்றினாள். நான் சாவியை உன் கையில் வைக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்தாள். "ஆன்ட்டி, சாவி வேணாம். உங்க டீசேர்ட்டைக் கழட்டி இவர் தலைக்குக் கீழ வைங்க" என்றாள்.

கழற்றி வைத்தேன். சாவி என் மற்றக் கையில் இருந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன், மகன். சாவி உன்னைத் தொடாமலேயே அது மெதுவாக அடங்கியது. நீ பெருமூச்சு விட்டாய். எத்தனையோ வருடம் நான் பிடித்துத் தொங்கிய ஒன்று என் கையில் சும்மா இருந்தது. அந்தப் பிள்ளை, "ராத்திரி தூங்கலையா இவர்?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்குப் பாலன் குடில் ஞாபகம் வந்தது. பல்பு இல்லை, விடிய விடிய முழித்திருந்ததுதான். எல்லா வருடமும் அதுதான். நான் உட்கார்ந்துவிட்டேன். அவள் எனக்கும் தண்ணீர் கொடுத்தாள். நாவுல பாமசியில் மருந்து கொடுக்கிற பிள்ளை, பயிற்சி எடுத்திருக்கிறாள், ஆனால் நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவையாம். கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் சொன்னாள், "எனக்கு அன்னைக்கு ஓடிரலாம் போல இருந்துச்சு மாமி. நீங்க அந்தச் சாவியோட வந்த வேகத்தைப் பார்த்துத்தான் ஓடாம நின்னேன்."

அவள் உன்னை நலம் விசாரிக்க எடுத்த போன் எப்படி எப்படியோ வளர்ந்து கல்யாணத்தில் வந்து நின்றதை நான் எழுத வேண்டியதில்லை. நான் எழுத வேண்டியது, அவள் வீட்டில் பேச்சு எடுத்தபோது நான் செய்ததை. நாவுலக்குப் போகிற பஸ்ஸில், எங்களைக் கூட்டிப்போக வந்த அவள் என் பக்கத்தில் இருந்தாள். அவள் காதோடு சொன்னேன். "அந்த விஷயத்தை உங்க அம்மாகிட்ட இப்ப சொல்லிராத மா. நேரம் பார்த்து நானே சொல்றேன்." அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். சம்பந்தியம்மா நல்ல மாதிரி. போஞ்சித் தோட்டத்தில் வேலை செய்த கை, நேராகப் பேசுகிற வாய். "என்ன சம்பந்தி, மாப்பிள்ளைக்கு ஏதும் விருப்பு வெறுப்பு இருக்கா, சாப்பாட்டுல?" என்று கேட்டார்கள். அதுதான் நேரம். "பாகற்காய் பிடிக்காது" என்றேன். உனக்குப் பாகற்காய் பிடிக்கும்.

நிச்சயதார்த்தம் போனது, ஓலை வாசித்தது போனது. ஒவ்வொரு ஞாயிறும் கோயிலில் ஃபாதர், "இந்த விவாகத்துக்குத் தடை அறிந்தவர்கள் தெரிவிக்கவும்" என்று வாசிக்கும்போது என் தலை தானாகக் குனியும். கல்யாணத்துக்கு முதல் நாள் உன் மாமா, வீடு நிறைய ஆட்களைக் கூட்டி வந்து, விளையாட்டுக் கடதாசிக் கட்டைப் பிரித்து, றபான் மேளத்தை மடியில் வைத்துவிட்டார். நான் எட்டரைக்கே எல்லோருக்கும் பாய் போட்டேன். "என்ன தங்கச்சி, மாப்பிள்ளைக்கு நாளைக்குக் கல்யாணமா, சோதனையா?" என்றார். "சோதனைதான்" என்று சொல்லி லைட்டை அணைத்தேன். கோபித்துக்கொண்டு அவர் இருட்டிலேயே கொஞ்ச நேரம் றபான் தட்டினார். நீ தூங்கினாய். அன்று நான் உனக்குச் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

கோயிலில் நீ தாலியை எடுத்தபோது உன் இடது கைப் பெருவிரல் துடித்தது. நான் முன்வரிசை வாங்கில் இருந்தேன். நன்றாகப் பார்த்தேன். என் கை பைக்குள் போய்விட்டது. புல்வெளியில் கண்ட பிறகும், எல்லாம் தெரிந்த பிறகும், என் கை அந்தச் சாவியைத்தான் தேடியது. மூளைக்குப் போனது கைக்குப் போகவில்லை. நான் பாதி எழும்பிவிட்டேன். அப்பா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "உக்காரு. தாலி கட்டுற நேரம் கை நடுங்காத மாப்பிள்ளை எவன்? எனக்கு நடுங்கி மூணாம் முடிச்சு எங்க அக்காதான் போட்டா." நீ முடிச்சுப் போட்டு முடித்தாய். விரல் நின்றது. அது வெறும் பதற்றம். ஆனால் அந்த மூன்று முடிச்சுக்குள் நான் என்னென்ன பார்த்தேன் தெரியுமா? நீ பீடத்தடியில் விழுவதைப் பார்த்தேன். சம்பந்தியம்மா என் பக்கம் திரும்பி, "தெரிஞ்சுதானே செஞ்சீங்க?" என்று கேட்பதைப் பார்த்தேன்.

பிறகு மண்டபம். மருமகளின் அண்ணன் தன் பரிசாக டீஜேயும் லைட்டும் பிடித்திருந்தான், நமக்குச் சொல்லவில்லை. கேக் வெட்டி முடிந்ததும் பெரிய லைட்டையெல்லாம் அணைத்து அதைப் போட்டார்கள். கூரை, சுவர், உன் முகம் எல்லாம் சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம். நீ அவள் கையைப் பிடித்து நடுவில் நின்று சிரித்தாய். லைட்டால் இல்லை என்று தெரிந்தும் நான் லைட் போடுகிற பையனிடம் போனேன். காரணம் சொல்ல வாய் வரவில்லை, சம்பந்தி வீட்டார் பக்கத்திலேயே இருக்கிறார்கள். "தம்பி, எனக்கு இந்த வெளிச்சம் தலை சுத்துது" என்றேன். "ஐயோ, இருங்கம்மா" என்று ஓடிப் போய், மரியாதையாக ஒரு கதிரையைக் கொண்டுவந்து, வாசலைப் பார்த்துப் போட்டு, என்னை உட்கார வைத்தான். "இப்ப லைட் தெரியாதும்மா" என்றான். நான் என் மகனின் கல்யாணத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தெருவில் நிற்கிற ஓட்டோக்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். பாட்டு வேகமானது. பின்னால் யாரோ கூவினார்கள். கும்மாளமா, கூக்குரலா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

எழுந்து போய் மெயின் ஸ்விட்சை இறக்கினேன்.

பாட்டு பாதியில் செத்தது. ஒரே இருட்டு. உன் மாமாவின் குரல், "இருந்த கரண்ட் பில்லைக் கட்டிட்டுக் கல்யாணம் வச்சிருக்கலாம்" என்றது. சனம் சிரித்தது. நான் ஸ்விட்ச் பெட்டியில் கை வைத்தபடியே நின்றேன். அப்போது ஒரு போன் வெளிச்சம் சுவரைத் தடவிக்கொண்டு வந்து என் முகத்தில் விழுந்தது. சம்பந்தியம்மா. பட்டுச் சேலை, தலை நிறையப் பூ, மூச்சு வாங்குகிறது.

"நீங்களா சம்பந்தி?" என்றார்கள்.

பாகற்காய் மாதிரி இன்னொரு பொய்யைத் தேடினேன். வரவில்லை.

"நானும் இதை நிப்பாட்டத்தான் ஓடி வந்தேன்" என்றார்கள். "அந்த லைட்டு மாப்பிள்ளைக்கு ஆகாதுதானே?"

மகன், அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. விழா முடிந்து வீட்டுக்குப் போன அன்றே அந்தப் பிள்ளை சோற்றைப் பிசைந்துகொண்டு, "அம்மா, இன்னைக்கு ஒரு பையனுக்கு வலிப்பு வந்துச்சு, அவங்கம்மா பாவம், சாவியோட ஓடி வந்தாங்க" என்று கதை சொல்லியிருக்கிறாள். உன்னை மாப்பிள்ளையாகத் தெரிவதற்கு முன்னாலேயே அவர்களுக்கு உன்னைத் தெரியும். என்னையும் தெரியும். "அப்ப ஏன் சம்பந்தி ஒரு வார்த்தை கேக்கலை?" என்றேன். "நீங்க சொல்லாம எப்படிக் கேக்கிறது? நான் கேட்டா, பொண்ணு வீட்டுல சாக்குத் தேடுறாங்கன்னு நினைச்சிருவீங்களோன்னு பயம். சாப்பாட்டுல என்னன்னு கேட்டுப் பார்த்தேன். பாகற்காய்ன்னீங்க. சரி, இப்ப சொல்ல மனசில்லைன்னு விட்டுட்டேன்." அந்த இருட்டில் இருவரும் ஒரு போன் வெளிச்சத்தில் நின்று அழுதோமா சிரித்தோமா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை மாதமும் நான் தனியாகச் சுமந்தேன் என்று நினைத்த அதே பயத்தை, ஒரு பஸ் பயண தூரத்தில் இன்னொரு பெண்ணும் வாயை மூடிக்கொண்டு சுமந்திருக்கிறாள்.

நீதான் வந்து ஸ்விட்சை ஏற்றினாய். எங்கள் இருவரையும் பார்த்ததும் உனக்கு விளங்கிவிட்டது. "லைட்டால எனக்கு ஒண்ணும் வராதுன்னு டொக்டர் சொன்னப்ப நீங்க எங்கம்மா இருந்தீங்க?" என்றாய். "பக்கத்துலதான் இருந்தேன்" என்றேன். "லைட் ஆகாதுன்னு அத்தைக்கும் சொல்லி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாய். "அவங்களா எங்கயோ டீவியில பார்த்தாங்களாம்" என்றேன். நீ சம்பந்தியம்மாவைக் கையைப் பிடித்து ஆட இழுத்துப் போனாய். நான் கதிரையை உள்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். பயந்துகொண்டேதான் பார்த்தேன். ஆனால் பார்த்தேன்.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம். கல்யாண விருந்து என்று இந்த மூன்று வாரமும் வீடு வீடாகப் போய், ராத்திரி ராத்திரி பேசிக்கொண்டிருந்தீர்கள். செவ்வாய்க்கிழமை வந்தது அதனால்தான் என்று கிளினிக்கில் சொன்னார்களாம். கூப்பிடுகிற சொந்தத்திடம், "எட்டு மணிக்கு மேல் இருக்க மாட்டோம், எனக்கு வலிப்பு இருக்கு, தூங்கணும்" என்று நேராகச் சொல். கோபிக்கிறவர்கள் கோபிக்கட்டும், மாமா இருட்டில் றபான் தட்டியதைப் போல கொஞ்ச நேரம் தட்டிவிட்டு அடங்குவார்கள். நான் மறைத்ததால் உனக்கு ஒரு நோயும் குறையவில்லை. நீ நீந்தக் கற்கவில்லை, சைக்கிள் ஓடவில்லை, பள்ளிக்கூடத்தோடு ஒரு சுற்றுலா போகவில்லை. அதெல்லாம் என் பயம் தின்றது.

மருமகளைப் பற்றி ஒன்று. முதல் நாள் அவள் உன்னைத் திருப்பிப் படுக்க வைத்தாள் என்பதற்காக அவளைத் தாதியாக்கிவிடாதே. மாத்திரையை நீயே எடு, நேரத்தை நீயே பார். அவள் பயந்தால் பயப்பட விடு, "உனக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்று சொல்லிவிடாதே. செவ்வாய்க்கிழமை என்னிடம் அத்தனை நிதானமாகப் பேசினாளே, போனை வைத்த பிறகு தன் அம்மாவுக்குப் போன் எடுத்துக் கதறியிருக்கிறாள். சம்பந்தியம்மா சொன்னார்கள். என்னைப் பயப்படுத்தக் கூடாது என்று எனக்கு மட்டும் நிதானம். பார், உங்கள் வீட்டிலும் மறைப்பது தொடங்கிவிட்டது. நான் நேற்று அவளுக்குப் போன் எடுத்து, "இனி என்கிட்டயும் அழு மா, நானும் அழுறேன், அதுக்கப்புறம் பேசுவோம்" என்றேன்.

இந்தச் சனிக்கிழமை திரும்பவும் அந்த இசை விழா. இருவரும் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். நீ வயர் இழுக்க, அவள் முதலுதவிக்கு. பகல் வேலை மட்டும், பொழுது சாய்ந்ததும் வீட்டுக்கு வந்து தூங்கிவிடுவோம் என்று சொன்னாய். என் மஞ்சள் டீசேர்ட்டை நான் தோய்த்து, காய வைத்து, மடித்தும் வைத்துவிட்டேன். நீ போனில், "இந்த முறை வராதீங்கம்மா" என்றாய். கோபமாகச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். அந்தப் பதில்தான் இவ்வளவு நீளமாக இங்கே வருகிறது. வரமாட்டேன்.

பயம் போய்விட்டது என்று நினைக்காதே. எழுதும்போதே இரண்டு தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். நானும் சம்பந்தியம்மாவும் ஒன்று பேசி வைத்திருக்கிறோம். பயம் வந்தால் உங்களுக்குப் போன் எடுப்பதில்லை, நாங்கள் ஒருவரை ஒருவர் எடுப்பது. அவர்கள் நேற்றே தொடங்கிவிட்டார்கள். "சம்பந்தி, பயமா இருக்கு" என்றார்கள். "எனக்கும்" என்றேன். "சரி, பாகற்காயை எப்படிக் கறி வைப்பீங்க?" என்று கேட்டார்கள். அரை மணி நேரம் பாகற்காயைப் பற்றியே பேசினோம்.

நீ போய் வா. தொப்பி போட்டுக்கொள், தண்ணீர் குடி, நேரத்துக்கு வந்து தூங்கு. ஞாயிற்றுக்கிழமை நன்றாகத் தூங்கி எழுந்து, சாப்பிட்டு, மாத்திரை போட்டு, அதன் பிறகு நீயாக எனக்கு ஒரு போன் எடு. அதுவரைக்கும் நான் எடுக்க மாட்டேன். பொறுக்க முடியாமல் இடையில் எடுத்தேன் என்றால், அடிக்க விடு மகன். நீ எடுக்காதே.

உன் அம்மா